வாசனை மெழுகுவர்த்தி வாங்கியவருக்கு

பால் பிரிட்ஜில் இருக்கிறது. கெட்டுவிட்டதா என்று நீங்களே மோந்து பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரியாது. தெருவுக்கே தெரியும், கட்டின புருஷனுக்குத்தான் மறந்துவிட்டது.

இல்லாவிட்டால் நேற்று அவ்வளவு விலை கொடுத்து வாங்கிவந்து, என் மூக்குக்கு நேரே கொளுத்தி, "நம்ம முதல் வீட்டு மொட்டைமாடி ஞாபகம் வருதா?" என்று கேட்பீர்களா? நான் பேசாமல் இருந்ததற்கு, "கல்நெஞ்சுக்காரி" என்று பட்டம் வேறு.

தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். கூப்பிட வரவேண்டாம். சாவி பக்கத்து வீட்டில்.

காலையில் கரண்ட் போனது. உங்கள் மெழுகுவர்த்தியைக் குளியலறையில் ஏற்றினேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

இன்னொன்று: அடுப்பைப் பற்றவைக்குமுன் கேஸ் வாடை அடிக்கிறதா பாருங்கள். இரண்டு வருஷமாக நான் பயந்துகொண்டேதான் பற்றவைக்கிறேன்.