வண்டிக்குப் போர்த்த வேண்டிய சால்வை

சேசு மரி சூசை துணை

அடையாறு,
10.1.1974

பிரியமுள்ள ஐரினுக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் சுகமாக இருக்கிறேன். இந்தப் பனியில் உன் கைவலி எப்படி இருக்கிறது என்று பவுல்சாமி அண்ணனைக் கேட்டேன். உன் அண்ணன் அல்லவா, பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரு நல்ல சேதி. தி.நகர் ஜவுளி வியாபாரிகள் சங்கத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நம் டாக்ஸியை விற்றுவிட்டு முதலாளி சிதம்பரநாதனிடம் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இதுவரை அவர் பியட் காரில் ஒரு கீறல் இல்லை. சங்கத்து வண்டிகள் எல்லாவற்றிலுமே விபத்து பாதியாகக் குறைந்துவிட்டதாம். டிரைவர்கள் பொறுப்பாக ஓட்டுவதால்தான் என்று செயலாளர் மேடையில் சொன்னார். முதலாளியின் தங்கை கோமளம் அம்மாவை மயிலாப்பூருக்கு வீணை வகுப்புக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். "காஸ்பர் ஓட்டினா எனக்குத் தூக்கமே வந்துரும்" என்று அந்த அம்மா எல்லோரிடமும் சொன்னார்கள். கேட்கப் பெருமையாக இருந்தது.

நீ அண்ணன் வீட்டுக்குப் போயும் அதே மூன்று வருடம். இனியாவது பயமில்லாமல் என்னோடு வந்து இரேன்.

உன் காஸ்பர்

ராயப்பேட்டை,
17.1.1974

அன்புள்ள அத்தானுக்கு,

சந்தோஷப்படத்தான் நினைத்தேன், வயிறுதான் எரிந்தது. உங்கள் டாக்ஸியில் நான் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோமளம் அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதாம். கொடுத்து வைத்தவர்கள்.

அந்தப் பியட்மேலும் எனக்கு எரிச்சல்தான். அதில் சின்னச் சத்தம் கேட்டால்கூட இறங்கி இஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கிறீர்களாம், அண்ணன் சொன்னார். அன்றைக்கு அடையாறு பாலத்தில் "மெதுவா போங்க" என்று நான் போட்ட சத்தம் மட்டும் உங்கள் காதில் ஏன் விழவில்லை? லாரிக்காரன் ஏதோ சொல்லிவிட்டான் என்று அவனை முந்தியே தீர வேண்டும் என மிதித்தீர்கள், டாக்ஸி பாலத்துச் சுவரில் மோதி என் கை முறிந்தது. பிறகு ஊரெல்லாம் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னீர்கள். வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் மெஹபூப் அலி பாய், பிரேக்கில் குறையே இல்லை என்று அண்ணனிடம் அப்போதே சொல்லிவிட்டார். இன்றும் கரும்பலகையின் மேல்வரிக்கு என் வலது கை எட்டாது. பிள்ளைகளைத்தான் எழுதச் சொல்கிறேன்.

சங்கத்தில் விபத்து குறைந்திருக்கலாம். ஆனால் அங்கே எல்லோரும் புது வண்டி வாங்கிவிட்டார்களே. மிதித்தவுடன் நிற்கிற வண்டியை யார் ஓட்டினாலும் கீறல் விழாது. திருந்தியது வண்டி என்றால் அந்தச் சால்வையைக் கொண்டுபோய் அதற்கே போர்த்துங்கள். திருந்தியது நீங்கள் என்றால் அது எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் நான் வரமாட்டேன்.

ஐரின்

அடையாறு,
24.2.1974

பிரியமுள்ள ஐரினுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபத்தில் மூலையில் எறிந்தேன். மறுநாள் நானே எடுத்து மடித்து வைத்தேன். பியட்டில் ஏறும்போதெல்லாம் நீ கேட்டதுதான் ஞாபகம் வந்தது. திருந்தியது நானா வண்டியா என்று ஒரு பழைய வண்டியை ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதலாளியிடம் போய், கடைச் சரக்கு ஏற்றுகிற பழைய வேனைக் கொடுங்கள் என்று கேட்டேன். "ஏன்வே, நல்லாத்தானே இருந்தீரு?" என்று சிரித்தார். வேனைப் பாயிடம் விட்டுப் பிரேக்கைப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரி என்றார். கிளம்பும்போது, "அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு காஸ்பரு" என்றார்.

பிரேக் சரி என்றாலும் துணி மூட்டைகளோடு அது பியட் மாதிரி சட்டென்று நிற்காது. இருபது அடிக்கு முன்னாலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. என் பியட்டை இப்போது வெள்ளைத்துரை என்று இன்னொரு டிரைவர் ஓட்டுகிறான். ஏறியவுடன் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். கோமளம் அம்மா அவன் வண்டியிலும் தூங்குகிறார்களாம். கேட்டபோது எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

காஸ்பர்

ராயப்பேட்டை,
12.3.1974

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று உங்களைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு, மணிக்கூண்டுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். உங்கள் வேனுக்கு முன்னால் ஒரு ரிக்‌ஷா குறுக்கே வந்து, செயின் கழன்று நின்றுவிட்டது. தப்பு அந்த ஆளுடையது. ஆனாலும் அவன்தான் கத்தினான்: "இன்னா நைனா, மேல ஏத்திடுவியா? ஏத்து பாக்கலாம்." பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான்.

இதோ இறங்கப் போகிறீர்கள், சட்டையைப் பிடிக்கப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்கள் இஞ்சினை அணைத்துவிட்டு, அவன் செயினை மாட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். போகச் சொல்லிக் கையும் காட்டினீர்கள்.

அதை எந்தப் பிரேக்கும் செய்திருக்காது. அது நீங்கள்தான்.

சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது அழுகை வந்துவிட்டது. கோமளம் அம்மாமேல் இருந்த எரிச்சல் எங்கேயோ போய்விட்டது. இப்போது எனக்குப் பொறாமை எல்லாம் அந்த ரிக்‌ஷாக்காரன்மேல். முன்பின் தெரியாதவன், உங்களைத் திட்டியவன். அவனுக்குக் கொடுத்த பொறுமையில் கொஞ்சம் அன்றைக்குப் பாலத்தில் எனக்குக் கொடுத்திருக்கலாமே.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து சாந்தோம் கோவில் வாசலில் நிற்பேன். வேனையே கொண்டுவாருங்கள். முன் சீட்டில் உட்காருவேன், ஜெபமாலையைப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். வழியில் ஒரு தடவை "மெதுவா போங்க" என்பேன். நீங்கள் மெதுவாகவே போய்க்கொண்டிருந்தாலும் சொல்வேன். உங்கள் காதில் விழ வேண்டும்.

உங்கள் ஐரின்