ஏழு குழிப் பெட்டி

இன்று காலை சமையலறையிலிருந்து புளியும் செம்பும் கலந்த அந்த வாசனை வந்தது. நாளைக்கு விஷு. மகள் கிண்ணத்தில் புளியைக் கரைத்து, விடிந்ததும் முதலில் பார்க்கிற கனித் தட்டில் வைக்கிற காசுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அந்த வாசனை வந்தால் என் வலது கை மரத்துப்போகிறது. நரம்பு என்கிறார் டாக்டர். நரம்பும் இல்லை, நாளமும் இல்லை. அது உனக்கும் எனக்கும் தெரியும்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நீ உயிரோடு இருந்தபோது பேசாத பேச்சை இப்போது எழுதுகிறேன். கோழைத்தனம்தான், இருக்கட்டும்.

நயா பைசா வருவதற்குச் சற்று முந்தைய காலம். குமுளியில் நம் இருவருக்கும் முப்பதுகூட ஆகவில்லை. நான் கம்பத்திலிருந்து மலையேறி வந்து ஏலக்காய் வாங்கி விற்றவன். நீ மண்டியில் ஷராப்பு. குவிகிற ரூபாயில் நல்லதையும் செல்லாததையும் பிரிக்கிற வேலை. கல்லில் ஒரு தட்டு, இடது காதைக் கொஞ்சம் சாய்ப்பாய், ஈயம் கலந்தது தனியே போய் விழும். கண்ணால் பார்க்கக்கூட மாட்டாய். உனக்குக் காது, எனக்குக் கை. மீதிச் சில்லறை தராத கண்டக்டரை ஓடுகிற பஸ்ஸிலேயே அறைந்தேன். எடையில் ஏமாற்றியவன் மண்டையைப் படிக்கல்லால் பிளந்தேன். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தவன் நீ. "கையக் கீழ போடு மாப்ளே, கீழ போடு" என்பாய்.

கல்யாணமான மூன்றாம் மாதம் அந்தக் கை வீட்டுக்குள்ளும் புகுந்தது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று என் மனைவியை அறைந்தேன். நீ அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். ஓடி வந்து பிடிக்க நேரமில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டாய். ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை.

அந்த வருடம்தான் ஒரு வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். பங்களா சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. நாற்காலி எடுக்கப் போன நான் உன் பேச்சைக் கேட்டு ஒரு தேக்குப் பெட்டியை எடுத்தேன். உள்ளே பச்சை வெல்வெட்டில் ஏழு குழி, ஏழிலும் திருவிதாங்கூர் காசுகள். செம்பில் ஒரு காசு, நாலு காசு, எட்டுக் காசு, ஒரு சக்கரம். வெள்ளியில் பணம் என்கிற சின்னக் காசு, கால் ரூபாய், அரை ரூபாய். கஜானாவிலிருந்து நேரே பெட்டிக்குள் போனவை, ஒரு கடையைக்கூடப் பார்க்காதவை என்றாய். எனக்கு அவை கறுத்துப்போன பழங்காசாகத்தான் தெரிந்தன.

பெட்டியை மூன்று நாள் உன் அறையில் வைத்து லென்ஸில் பார்த்தாய், தராசில் போட்டாய். பிறகு என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, சங்கு பொறித்த ஒரு சக்கரத்தை விளிம்பில் மட்டும் பிடித்துக் காட்டினாய். "இந்தச் சங்கப் பாரு. நாலு கை மாறுனா மொதல்ல தேயிறது சங்கு முதுகுதான். இதுல வரி வரியா நிக்கிது." வெயிலில் சாய்த்தாய். கறுப்புக்கு அடியிலிருந்து ஓர் ஒளி கிளம்பி வட்டமாகச் சுற்றி வந்தது. "அச்சு அடிச்சப்ப வந்த ஒளி இது. போலிக்கு இது வராது. ஒருவாட்டி போச்சுன்னா இதுக்கும் திரும்ப வராது. மேல இருக்கிற மங்கல் இத்தன வருசம் சும்மா கெடந்ததுக்குச் சாட்சி. தொடச்சுப்புடாத மாப்ளே."

அவள் அப்போது உள்ளே அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்வது என்கிற திமிர்.

பழங்காசு சேர்க்கிற கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் கடிதம் போட்டார். உன் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் போட்டார். ஷராப்பு பார்த்துச் சொன்னதென்றால் விலை பேச வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். அவர் தருவதாகச் சொன்னதில் மண்டித் தெருவில் எனக்கொரு சொந்தக் கடை வந்துவிடும். பெயர்ப்பலகைக்கே ஆளிடம் சொல்லிவிட்டேன். விஷுவன்றுகூட வீட்டில் இல்லாமல் கம்பத்தில் சரக்கோடு அலைந்தேன்.

விஷு முடிந்து நாலாம் நாள் அவர் வந்தார். என் வீட்டில் வைத்துப் பெட்டியைத் திறந்தோம். ஏழும் பளபளவென்று மின்னின. செம்புக் காசு நாலும் இளஞ்சிவப்பாக இருந்தன. மில்காரர் ஒன்றை எடுத்து வெயிலில் சாய்த்தார். ஒளி சுற்றவில்லை.

"தேச்சுக் கழுவியிருக்குதுங்க. இனி இதுல வெள்ளி வெலதானுங்க தேறும். ஷராப்பு பாத்ததுன்னு நம்பி வந்தனுங்க" என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

நீ பெட்டியை முகத்தருகே கொண்டுபோனாய். பிறகு அடுப்படிக் கதவைப் பார்த்தாய். ஆறு மாத வயிற்றோடு அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியை மூடினாய்.

"நாந்தான் தேச்சேன். பளிச்சுனு இருக்கட்டுமேன்னு."

நீயா? காசின் முகத்தில் என் விரல் பட்டாலே மணிக்கட்டில் தட்டுகிறவன், நீயா தேய்ப்பாய்? பொய் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அங்கேயே நின்று யோசித்திருந்தால் நான் மனிதன். மூன்று நாள் பெட்டி இவனிடம்தானே இருந்தது, நல்ல காசை அமுக்கிக்கொண்டு வேறு பழங்காசைத் தேய்த்து வைத்துவிட்டான் என்று என் புத்தி ஒரே பாய்ச்சலில் போய்விட்டது. அந்த மூன்று நாளுக்குப் பிறகுதான் நீ வெயிலில் சாய்த்து ஒளியைக் காட்டினாய் என்பதுகூட உறைக்கவில்லை.

"மாத்திட்டியாடா?"

கேட்டு முடிப்பதற்குள் கை விழுந்துவிட்டது. உள்ளங்கை முழுவதும் உன் இடது காதில். நீ சுவரில் மோதித் திரும்பினாய். சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து முகத்தில் குத்தினேன். விழுந்தவனை விலாவில் மிதித்தேன். எழ முயன்றாய், மறுபடி மிதித்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் ஓடி வந்து என்னைப் பிரிப்பதற்குள் உன் முன்பல் இரண்டும் மண்ணில் கிடந்தன. காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நீ ஒரு தடவைகூடக் கையை ஓங்கவில்லை. என்னைப் பின்னாலிருந்து பிடிக்கிற ஒரே ஆள் கீழே கிடந்தான், அதனால் அன்றைக்கு எனக்குத் தடையே இல்லை.

ஷராப்பு காசை மாற்றிவிட்டான் என்று மண்டித் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனவனும் நான்தான். உன் இடது காது செத்துப்போனது. வலது காதைச் சாய்த்துப் பழகிப் பார்த்தாய். இரண்டு ஈய ரூபாய் தப்பிப் போனதும், யாரும் போகச் சொல்லாமலே மண்டி வேலையை விட்டு எழுந்து வந்துவிட்டாய். பஸ் நிற்கிற இடத்தில் சோடாக் கடை போட்டாய். நான் தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடந்தேன்.

அடுத்த விஷு வந்தது. அதற்கு முதல் நாள் நான் வீட்டில் இருந்தேன். குழந்தை பாயில் தவழ்ந்துகொண்டிருந்தது. கொல்லையில் அவள் உட்கார்ந்து சில்லறையைப் புளியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாலக்காட்டுக்குக் கிழக்கே பிறந்தவள் அவள். எங்கள் கம்பத்து வீட்டில் கனி வைக்கிற வழக்கமும் இல்லை, அதற்காகக் காசு விளக்குகிற வழக்கமும் இல்லை. துவைக்கிற கல்மேல் வரிசையாகக் காயவைத்திருந்த செம்புக் காசுகளைப் பார்த்தேன். அதே இளஞ்சிவப்பு.

"போன வருசம் எந்தக் காச வெளக்குன?"

அவள் எழுந்து நின்றாள். "பொட்டியில காசு கறுத்துக் கெடந்துதுங்க. கனிக்கு அப்படி வெக்கக்கூடாதுங்க. வெளக்கி வெச்சுட்டு, திருப்பி அததோட குழியிலயே வெச்சனுங்க. அது தப்புன்னு எனக்குத் தெரியாதுங்க."

என் கை மேலே போய்விட்டது. அவள் முகத்தை மறைக்கவில்லை. இரண்டு கையாலும் இடது காதைப் பொத்திக்கொண்டாள்.

அதைப் பார்த்து என் கை அந்தரத்திலேயே நின்றது. யாரும் பிடிக்காமல் அது கீழே இறங்கியது அன்றைக்குத்தான்.

உன் கடைக்கு ஓடினேன். இடப்பக்கம் நின்று கத்தினேன், உனக்குக் கேட்கவில்லை. சுற்றி வந்து வலப்பக்கம் நின்றேன். "ஒனக்குத் தெரியுமா?"

"பொட்டியத் தொறந்ததும் புளி வாடை வந்துச்சுல்ல."

"சொல்லியிருக்கலாம்லடா!"

நீ பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். "சொல்லியிருந்தா அந்த அடி எங்க போய் விழுந்திருக்கும்? வயித்துல புள்ள இருந்துச்சு மாப்ளே."

நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். மன்னித்துவிட்டேன் என்று நீ அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தாய். காசும் வாங்கிக்கொண்டாய்.

மறுநாள் மண்டித் தெருவில் கடை கடையாக ஏறி உண்மையைச் சொன்னேன். பாதிப் பேர்தான் நம்பினார்கள். அவளை அதற்குப் பிறகு நான் அடித்ததில்லை. கை ஓங்கியதே இல்லை என்று சொன்னால் அது பொய். ஓங்கும், பிறகு இறங்கும். உன்னோடு நடக்கும்போதெல்லாம் வலப்பக்கமாகவே நடந்தேன். இப்போது யாரோடு நடந்தாலும் கால் அந்தப் பக்கம்தான் போகிறது.

பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஏழு காசும் மறுபடி கறுத்துவிட்டன. வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். மங்கல் வந்திருக்கிறது, ஒளி வரவில்லை. நீ சொன்னது சரி.

இன்று காலை என்ன நடந்தது என்பதைச் சொல்ல வந்தேன். புளிக்கையோடு மகள் வாசலுக்கு வந்தாள். "அலமாரியில இருக்கிற பொட்டிக் காசையும் வெளக்கிரட்டுமாப்பா?" என்றாள். அவள் அம்மா இந்தக் கதையைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள். மகளை உட்காரச் சொல்லி, ஏலத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சோடா மாமாவா? பொறந்ததுலருந்தே அந்தக் காது கேக்காதுன்னுதானப்பா என்கிட்ட சொன்னாரு?"

அது எனக்குத் தெரியாது. இவள் அம்மாவை என்னிடமிருந்து காப்பாற்ற அன்றைக்கு ஒரு பொய் சொன்னாய். என்னை என் மகளிடமிருந்து காப்பாற்ற இன்னொரு பொய் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். காது கேட்டவரை ஒரு செல்லாக் காசைக்கூடக் கை மாற விடாதவன் நீ; இந்தப் பொய்யை மட்டும் நான் எப்படிச் செல்லவிடுவேன்?

"இல்லம்மா, பொறந்தப்ப நல்லாத்தான் கேட்டுச்சு" என்றேன். என் வலது கையை அவள் முன்னால் நீட்டினேன்.