மட்காத நாடா

அன்புள்ள சோர்காவுக்கு,

கார்ன்வாலில் நான் நலம். நீ தூங்குகிறாயா? தூங்குவதாகப் பொய் எழுதாதே.

நம் மகள் ஈஃபா காய்ச்சலில் கிடந்தபோது இங்குள்ள புனிதக் கிணற்றடி முள்மரத்தில் நான் கட்டிய நாடாவை இன்று பார்த்தேன். கட்டிய துணி மட்க மட்க நோய் தீரும் என்பது நம் நம்பிக்கை. மலிவாகக் கிடைத்ததென்று, வேண்டிக்கொள்ள வருபவர்களுக்கு என் கடையில் நைலான் நாடா விற்றேன். அவளுக்கும் அதையே கட்டியிருக்கிறேன். அவளைப் புதைத்து ஏழு மாதமாகியும் அதன் சிவப்பு வெளுக்கவில்லை.

யாருக்குக் கட்டியது என்று தெரியாமல் பழைய கெல்டிய வழிபாட்டை நடத்தும் துருயிட் பூசாரி கெரன்சா, "உன் சரக்கு நம்ம எல்லாரையும் அனுப்பிட்டுத்தான் போகும் போலப்பா" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். மீதி நாடாக்களைக் குப்பையில் கொட்டிவிட்டேன்.

உன் தூக்கத்துக்காக ஒன்று கட்ட வேண்டும். பழைய பருத்திக் கைக்குட்டை அனுப்பு. ஈஃபாவின் கவுனை மட்டும் கிழித்துவிடாதே. அது மட்கக் கூடாது.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன் ஃபின்டன்