நான் வேண்டாமென்ற வீடு

பர்கன்ஹெட், இங்கிலாந்து,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்.

அன்பு மகள் பெர்னடெட்டுக்கு அப்பா எழுதுவது. முட்டியைத் தவிர மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளை ஹேமிஷும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வீட்டுத் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள், நான்தான் எடுக்கச் சொன்னேன், வாடகைக்கு மிச்சம் பிடிக்க வீட்டில் வேறு எதுவும் அகப்படவில்லை, அதனால் போனில் கிடைக்கவில்லையே என்று பயந்துகொண்டிருக்காதே. உன் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லென்னி மாமா போனில் எல்லாம் சொன்னார், அவர் எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல் கைக்கு வந்த வீட்டை வீம்புக்கு உதறிவிட்டீர்களாமே, வயதாக ஆக உங்களுக்குப் பிடிவாதம் முற்றிக்கொண்டு போகிறது என்று எழுதியிருந்தாய். நீ எழுதியதில் தப்பில்லை, உனக்குச் சொன்னவன் சொன்ன அழகு அப்படி. நடந்ததை நான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இந்தப் படுக்கையறை வரி வந்ததிலிருந்து நம் தெருவே தலைகீழாகிக் கிடக்கிறது. வரி என்பது நாங்கள் வைத்த பெயர், அரசாங்கத்தில் அதற்கு வேறு ஏதோ அழகான பெயர் இருக்கிறது. நம் வீட்டில் ஆள் ஒருவன், அறை மூன்று, ஆகவே இரண்டு அறை எனக்கு அதிகம் என்று வாடகைக்குத் தருகிற உதவியில் கால் பங்கை வெட்டிவிட்டார்கள். உன் அறை ஒன்று, சரி. இன்னொன்று எது தெரியுமா, உன் அம்மா இஸ்திரி மேசை வைத்திருந்தாளே அந்தப் பொந்து, கட்டில் போட்டால் கதவு சாத்தாது, அதுவும் படுக்கையறையாம். ஓய்வூதிய வயது எனக்கு வந்திருந்தால் இந்த விதி என்னைத் தொட்டிருக்காது, அதற்கு இன்னும் சில வருஷம் போக வேண்டும். சரி, சின்ன வீடாகக் கொடுங்கள் போகிறேன் என்றால் ஊரில் சின்ன வீடே இல்லை. இருந்த ஒன்றிரண்டுக்கும் நூறு பேர் நிற்கிறார்கள். இந்த நிலைமையில்தான் பார்க் ஓரத்தில் ஒரு தரைத்தள வீடு காலியாகி, என் முட்டியைப் பார்த்து முதல் பெயராக எனக்குக் கொடுத்தார்கள். மாடிப்படி கிடையாது, வாசலில் பேருந்து நிற்கும். வீட்டு வசதி அலுவலகத்துப் பெண் சாவி போட்டுத் திறந்துவிட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கு முன்பே கோயில் கூடத்தில் லென்னி கூட்டம் போட்டு எல்லோரையும் கை தூக்க வைத்திருந்தான், யாரும் தெருவை விட்டுப் போகக் கூடாது, ஒருவர் போனாலும் மற்றவர்களைப் பிடுங்கி எறிவது அவர்களுக்குச் சுலபமாகிவிடும் என்று. நானும் தூக்கினேன். இருந்தாலும் என் காலை நினைத்து லென்னியிடம் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று. அவன் நம் சமையலறையில் உட்கார்ந்து நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே சொன்னான்: "நீ போனா உன் பின்னாலேயே பத்துப் பேர் போயிடுவானுங்க, வின்ஸ். கப்பல் பட்டறை ஸ்டிரைக்குல கேட்டுல படுத்துக் கிடந்தவன் நீ. உன்ன மாதிரி ஆளே நிக்கலேன்னா வேற எவன்டா நிப்பான்?" எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, பெர்னி. மறுநாளே போய் வீடு வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு ஒரு நாள் கால் டாக்டரைப் பார்க்கப் பேருந்தில் போகும்போது அந்த வீட்டைத் தாண்டினேன். ஜன்னலில் ஏணி போட்டுத் திரைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தது லென்னி. துளை போடும் இயந்திரம் என்னுடையது, கூடத்து அறிவிப்புப் பலகையைச் சரி செய்ய வேண்டும் என்று இரவல் வாங்கிப் போயிருந்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நொண்டிக்கொண்டே திரும்பி நடந்தேன். கதவைத் திறந்தது அவன் மனைவி பாலின். அவளுக்கு என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம், ஒரு கள்ளமும் இல்லை. "பட்டியல்ல உங்களுக்கு அடுத்து நாங்கதான் ரெண்டாவது பேரு. நீங்க விட்டுக் குடுத்த புண்ணியம் அண்ணே. இவரு அப்பவே சொல்லிட்டாரு, வின்ஸ் எடுத்துக்க மாட்டான், நீ போய்த் திரைக்கு அளவெடுத்து வைன்னு" என்றாள். என் டீயைக் குடித்தபோதே அடுத்த பெயர் தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும். ஏணியிலிருந்து இறங்கி வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல், "நீதானேடா வேண்டாம்னு சொன்னே, நான் எடுக்கலேன்னா வேற எவனாவது எடுத்திருப்பான்" என்றான். கிறிஸ்துமஸுக்குக் குடி போகும்வரை தெருவில் மூச்சு விடாதே என்று வேறு கேட்டுக்கொண்டான். அன்று மாலையே உனக்கும் போன் போட்டிருக்கிறான், உன் கடிதத்து நாளைப் பார்த்ததும் புரிந்தது. நான் எழுதுவதற்குள் முந்திக்கொள்ள வேண்டுமே.

போன வாரம் மறுபடி கூட்டம். நான் வாயைத் திறப்பதாக இல்லை. லென்னி முன்னால் நின்று ஒற்றுமை, போராட்டம் என்று முழங்குகிறான், பார்க் ஓரத்து வீட்டுச் சாவி அவன் சட்டைப்பையில் இருக்கிறது. அப்போது டோரீன் எழுந்தாள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாளே, மகன் லீட்ஸுக்குப் போன பிறகு தனியாக இருக்கிறவள். அவளுக்கும் ஆற்றோரமாக ஒரு சின்ன வீடு வந்திருக்கிறதாம். "வின்ஸண்ணே அந்தக் கால வெச்சுக்கிட்டே வேண்டாம்னுட்டாரு. எனக்கு என்ன கேடு, நானும் வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள். கூடமே கை தட்டியது. லென்னியும் தட்டினான். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன்: "டோரீன், அந்த வீட்ட வாங்கிக்கோ. நாளைக்குக் காலைலயே போய் வாங்கிக்கோம்மா." அப்புறம் பின் வரிசையிலிருந்து ஒரு குரல், கருங்காலி என்றது. என்னை. உன் தாத்தா இருந்திருந்தால் அந்தச் சொல்லுக்கு ஆளை அடித்திருப்பார். நான் லென்னியைப் பார்த்தேன், அவனே சொல்லிவிடுவான், இவ்வளவு தூரம் வந்த பிறகு சொல்லாமல் இருக்க மாட்டான் என்று காத்திருந்தேன். அவன் கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்திவிட்டு, "விடுங்கப்பா, பாவம், வலியில ஏதோ பேசறான்" என்றான். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். போட்டு உடைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அவன் அப்படிச் செய்வான் என்று அந்த நிமிஷம்வரை நான் நம்பவே இல்லை, செய்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. டோரீன் மறுநாளே போய் வீட்டை வாங்கிக்கொண்டாள். தெருவில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

வாடகை பாக்கிக்காக ஜனவரியில் என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன். நீ பணம் அனுப்பாதே, பிள்ளைக்குத் தொட்டில் வாங்கு. கனமானதைத் தூக்காதே, ஹேமிஷ் எதற்கு இருக்கிறான். அப்புறம் அந்த விஷயம், ஞானஸ்நானத்தில் எனக்கு ஞானத்தகப்பனாக நின்றவரே என் பிள்ளைக்கும் நிற்கட்டும் என்று லென்னியைக் கேட்கப் போவதாக எழுதியிருந்தாய். கேட்காதே. கேட்டே ஆக வேண்டுமென்றால் எனக்குச் சொல்லாமல் கேள். அவன் மறுபடி போன் செய்தால் எடுத்துப் பேசு, சண்டை போடாதே, பாலின் நல்லவள். இந்தத் தெரு முழுக்க என்னைக் கருங்காலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, நினைத்துவிட்டுப் போகட்டும். உன் கடிதத்தில் நீயும் அவன் பக்கம் நின்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மாதா உங்கள் மூவருக்கும் துணை இருக்கட்டும். பதில் போடு, ஒரு வரியாவது போடு. முகவரி பழையதுதான், ஜனவரிவரை.

உன் அப்பா,
வின்சென்ட்