அப்பா பெயரில் ஒரு போன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைப் போல ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாமல் இந்த நாட்டிலேயே தங்கிவிட்ட கீழ்வீட்டு வெல்டர் அண்ணன், போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல சாவுதான், பயப்படாதே. ஆனால் இங்கே நம் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைச் சொல்லித்தான் நம்மைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து ஊருக்குப் போன் செய்து, அந்தப் பெயரைச் சொல்லி இறந்துவிட்டார் என்றார்களாம். அவர் தங்கை, "எங்கப்பா செத்து இருபது வருஷமாச்சு, வைய்யா போனை!" என்று திட்டிவிட்டாள். பதினொரு நாள் பிணவறையில் கேட்பாரற்றுக் கிடந்தார்.

நேற்று நானும் படிவம் நிரப்பினேன். எரிப்பதா, புதைப்பதா, யாருக்குச் சொல்வது என்று கேட்டிருந்தார்கள். உன் எண்ணைக் கொடுத்தேன். அடித்து அடித்து எழுதியதில் இரண்டு தாள் வீணாயிற்று. கண்ணாடி சரியில்லை என்று சமாளித்தேன்.

போனுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டு அக்கா. யாராவது கூப்பிட்டு, அப்பா பெயரைச் சொல்லி இறந்துவிட்டார் என்றால், வைத்துவிடாதே. அது நான்தான்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

தம்பி