ஏலக்காய் வரைக்கும்

அக்கா, உங்கள் ஏலக்காயை இன்று மென்றுவிட்டேன். காரமெல்லாம் எப்போதோ போய்விட்டது, ஆனாலும் வாயில் வாசம் நிற்கிறது. நீங்கள் கடைசியாகக் கொடுத்த தடிப் புத்தகம் இத்தனை நாளாக என் மேசைமேல் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அப்பாடா, சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது, நினைவிருக்கிறதா? எங்கள் ஹோம்ஸ்டேயில் தங்குகிறவர்கள் விட்டுப்போகும் புத்தகங்களில் மந்திரவாதி, மாய நகரம், பேசும் ஓநாய் என்று எது இருந்தாலும் நான் எடுத்து வைத்துக்கொள்வேன். ஒருநாள் உங்கள் மசாலாக் கடையில் பட்டை வாங்க நின்றபோது, கல்லாவுக்குப் பின்னால் நீங்களும் அதே ரகப் புத்தகம் ஒன்றில் மூழ்கியிருந்தீர்கள். குமுளியில் இப்படி இன்னொரு பைத்தியமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதைப் படித்து முடித்து எனக்குக் கொடுத்தீர்கள். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தேன். மூன்று பக்கத்துக்கு மேல் ஓடவில்லை.

உங்களுக்கு வந்ததே கோபம்! வேலந்தாவளத்திலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சு மட்டும் அந்த ஊரிலேயே இருந்தது உங்களுக்கு. "ஏங்கண்ணு, மூணு பக்கத்துல என்ன தெரியும்? புது ஊருக்குப் போனா வழி பிடிபடறதுக்கே நாலு நாளாகுது. இது புது உலகமில்லியா?" என்றீர்கள். தட்டிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்துப் புத்தகத்துக்குள் செருகினீர்கள். "இது வரைக்கும் படி. அப்பறமும் புடிக்கலீன்னா இத வாயில போட்டு மென்னுட்டு, புக்கத் திருப்பிக் குடுத்துரு. மூஞ்சிய மட்டும் தூக்கி வெச்சுக்கப்படாது."

அதுவே நம் சட்டமானது. புத்தகம் ஏலக்காயோடு திரும்பினால் பிடித்திருக்கிறது, வெறுமனே திரும்பினால் பிடிக்கவில்லை. சக்குபள்ளம் தோட்டங்களுக்குச் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிப்போகும் செல்வமும் பிறகு நம்மோடு சேர்ந்துகொண்டார். டிராகன் வராவிட்டால் அவர் தயங்காமல் மென்றுவிடுவார். நான் திருப்பிக் கொடுக்கும்போது நீங்கள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்ப்பீர்கள். ஒன்றும் விழாவிட்டால், "போச்சு! ரசனைன்னு ஒண்ணு இருந்தாத்தானே!" என்று தொடங்குவீர்கள். நானும் விட மாட்டேன். மிளகு வாங்க வந்தவர்கள் பாவம், யார் ஜெயிப்பது என்று தெரியும்வரை நிற்க வேண்டியதுதான்.

உடம்பு முடியாமல் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று கார் ஜன்னல் வழியாக இந்தப் புத்தகத்தை நீட்டினீர்கள். "ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றேன். இந்தவாட்டி உன்னால மெல்லவே முடியாது பாரு. நான் வர்றப்ப ஏலக்கா உள்ள இருக்கோணும்." நீங்கள் வரவில்லை. செய்தி கேட்டு நான் வேலந்தாவளம் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

அதன்பிறகு புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருந்தது, அக்கா. பிடிக்காமல் போனால் என்ன செய்வது? யாரிடம் போய் உதறிக் காட்டுவது? பிடித்ததாக நானே பாவனை பண்ணிக்கொண்டால், நமக்குள் நடந்த கடைசிக் காரியம் பொய்யாகிவிடும். இதற்கு நடுவில் ஊரே உங்களைப் பற்றி நல்லதையே சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல மனுசி, சாந்தமான மனுசி என்றார்கள். சாந்தமா, நீங்களா? ஆமாம் ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். ஆட்ட ஆட்ட, எனக்குத் தெரிந்த நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் செல்வம் வந்து கேட்டார். "அக்கா, அவுக குடுத்த புக்கு சும்மாதான கெடக்கு? படிச்சிட்டுத் தாங்களேன். டிராகன் இருக்கா?" இனியும் தள்ளிப்போட முடியாது என்று உட்கார்ந்தேன்.

கடலுக்கடியில் ராஜ்ஜியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்சம், வம்சத்துக்கு ஒரு சாபம், ராஜாவின் குதிரைக்குக்கூடத் தாத்தா பெயர் உண்டு. உங்களுக்காகவாவது பிடித்துவிடாதா என்று முட்டி மோதிப் படித்தேன். இன்று மதியம் ஏலக்காயை எட்டினேன். அதைத் தாண்டியும் பத்துப் பக்கம் போனேன். அங்கே இன்னொரு வம்சம் ஆரம்பித்தது. "என்னக்கா இது, இம்புட்டு அறுவையா இருக்கு!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். சாவி கொடுக்க வந்த விருந்தாளி திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் உங்கள் குரல் கேட்டது. "தாத்தன் ஆருன்னு தெரியாம பேரனுக சண்டைய எப்படிங்கண்ணு பாக்கறது?" சண்டை வரட்டும், அப்புறம் தாத்தாவைப் பார்க்கலாம் என்றேன். "உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்" என்றீர்கள். சாந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் அக்கா அப்படியே இருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டேன்.

செல்வத்துக்கு வேறு ஏலக்காய் வேண்டுமே என்று உங்கள் கடைக்கு ஓடினேன். கையில் புத்தகத்தைப் பார்த்ததுமே உங்கள் வீட்டுக்காரர் பாய் கேட்டார், "மென்னாச்சா?" தலையாட்டினேன். மனிதர் எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். "அவ மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு யாவாரம் நடந்த மாதிரிதான்" என்று சொல்லி, நல்ல பருமனான ஒன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார். நீங்கள் வைத்த அதே பக்கத்தில் வைத்தேன்.

சாயங்காலம் செல்வம் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். நின்றபடியே ரெண்டு பக்கம் புரட்டினார், முகம் சுருங்கியது. "என்னக்கா, தாத்தா கதையாவே போகுது?"

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "தாத்தன் யாருன்னு தெரியாம பேரனுக சண்டைய எப்படிப் பாப்ப? ஏலக்கா வரைக்கும் படி, பேசாம போ!"

செல்வம் மிரண்டுபோய்க் கிளம்பினார். இனிமேல் உங்கள் தரப்புக்கும் நானேதான் பேச வேண்டும் போலிருக்கிறது. பேசுகிறேன். ஆனால் புத்தகம் அறுவைதான், அக்கா. அதில் நான் இறங்கி வர மாட்டேன்.