பொத்தான் அவர்கள் கையில்

ஜூன் 2, திங்கள்

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். யாரிடம் சொல்கிறேன்? நான்தானே படிக்கப்போகிறேன்! அதுவே பெரிய விஷயம். இந்த வயதில் எழுத்துக் கற்று ஆறு மாதம்தான் ஆகிறது.

நூலகத்தில் இன்று கணினிக் கதை வகுப்பு. கோடிட்ட சொல்லைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும். எந்தப் பக்கம் போவது என்பது படிப்பவர் இஷ்டம். மாதக் கடைசியில் தேறிய கதைகளை வாசல் திரையில் போடுவார்களாம். என்னுடையது வரவேண்டும்.

மனைவியின் தம்பியிடம் சொன்னேன். "எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆளு, கதை வேற எழுதப்போறீங்களா மாமா? நல்ல கூத்து!"

ஜூன் 9

லிப்ட் இயக்கிப் பிழைத்தவன் வேறு எதை எழுதுவேன்? மழையில் நனைந்த ஒருவன் பறவைக்கூண்டோடு லிப்டில் ஏறுகிறான். மூன்றாம் மாடியில் பல் டாக்டர். ஐந்தில் சிடுமூஞ்சி மேனேஜர். உச்சியில் மொட்டை மாடி.

ஒரு நாளைக்கு நாலு வரி. விரல் வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஜூன் 16

டீச்சரம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டார். "ஐயா, பக்கத்துக்கு ஒரே ஒரு சொல்லுக்குத்தான் கோடு போட்டிருக்கீங்க. எல்லாரும் நேரா மொட்டை மாடிக்குத்தான் போறாங்க."

"அங்கதானேம்மா போகணும்?"

"அதை அவங்க முடிவு பண்ணணும். இல்லன்னா வாசல்ல போட முடியாதுங்க."

வேலையில் இருந்தவரை லிப்ட் பொத்தானை எவனையும் தொட விட்டதில்லை. இப்போது கண்டவன் கையில் கொடுப்பதா? பல் டாக்டர்கிட்டயே இறங்கிட்டா பறவை என்ன ஆகும்? யாருமே மேல வரலன்னா?

ஜூன் 17

சாப்பாடு இறங்கவில்லை. மனைவி தட்டைப் பார்த்தாள். "ஏறினவங்களை எந்த மாடின்னு கேட்டுத்தானே அழுத்துனீங்க? இல்ல, உங்க இஷ்டத்துக்கா?"



ஜூன் 20

எல்லா மாடிக்கும் கோடு போட்டாயிற்று.

ஜூன் 29, ஞாயிறு

வாசல் திரையில் என் கதை! என் கதை!

மச்சான் கேலி பண்ணத்தான் வந்தான். மூன்றாம் மாடியைத் தொட்டான். கூண்டுக்குள்ளிருந்தே பறவை டாக்டரின் மூக்குக்கண்ணாடியைக் கவ்வ, விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஐந்து. திரும்ப மூன்று. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"சார், கொஞ்சம் வழி விடுறீங்களா?"

"இருங்கய்யா, நான் இன்னும் மேலயே போகல!"

கடைசியில் போனான், தானாகவே. மொட்டை மாடியில் மழை விட்டிருந்தது. கூண்டு திறந்தது. மச்சான் திரையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, கீழ்த்தளம் எங்க?"

"அதெல்லாம் எழுதலடா."

"அவ்வளவு பெரிய கட்டடத்துக்குக் கீழ்த்தளம் இல்லாம இருக்குமா? எழுதுங்க, நான் இறங்கிப் பார்க்கணும்."

கீழே என்ன இருக்கிறது? எனக்கே தெரியாது. அடுத்த வாரம் இறங்கிப் பார்த்துவிட்டு இங்கே வந்து சொல்கிறேன்.